இன்றைக்கு யார் முகம்

சிலுவைத்துறையைக் கடல் எடுத்துக்கொண்டு போன வருஷத்தில், வீடுகளையும் வலைகளையும் படகுகளையும், கோழிக் கூடுகளையும், கல்யாணப் பட்டுகள் இருந்த பீரோக்களையும் எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், பட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த அடையாள அட்டைகளையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு ஊர் முழுக்கப் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குத் தேர் இழுக்கப் போயிருந்ததால் உயிருக்கு மட்டும் சேதமில்லை. ஆட்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள், அவர்கள்தான் அவர்கள் என்று காட்டத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று. உப்பளத்துக்கு மேற்கே தகரக் கொட்டகைகள் போட்டு அவர்களைக் குடிவைத்த அதிகாரி, புது அட்டைக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டவர்களிடம், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஆன்லைனில் விண்ணப்பித்தால் வீடு தேடி வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஆன்லைனுக்குப் போக அவர்களுக்கு இருந்தது டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பால்வண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டர்தான். தேர் இழுக்கும்போது இடைஞ்சல் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன போன்களும் கடலோடு போயிருந்தன, புது சிம் வாங்கப் போனால் அங்கேயும் அட்டை கேட்டார்கள். எங்கேயோ எவனோ ஒருவன் பொதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து யாருக்கோ மிரட்டல் அனுப்பிவிட்டானாம், அவனைப் பிடிக்க முடியவில்லையாம், அதனால் இனி முகம் தெரியாத ஒருவரும் பொதுக் கம்ப்யூட்டரில் உட்காரக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. பால்வண்ணன் கடை வாசலில் ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். அதனிடம் முதலில் அட்டையைக் காட்டவேண்டும், பிறகு முகத்தைக் காட்டவேண்டும், கண்ணைச் சிமிட்டுங்கள் என்று அது பெண் குரலில் சொல்லும்போது சிமிட்டவேண்டும், அட்டையில் இருக்கும் முகமும் வந்திருக்கும் முகமும் ஒன்றுதான் என்று அதற்குத் திருப்தி ஏற்பட்டுப் பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு உயிர் வரும். அட்டை வாங்க உள்ளே போகவேண்டும், உள்ளே போக அட்டை வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைச் செய்தவர் நிச்சயம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து செய்திருப்பார்.

இதில் ஊரிலேயே அதிகம் தவித்தவள் கொலாஸ்டிகா. கருவாடு காயப்போட்டு விற்கிறவள், புருஷனைச் சின்ன வயதிலேயே கடலுக்குக் கொடுத்தவள், இருந்த ஒரே மகன் லிகோரி அரபு தேசத்தில் ஒரு முதலாளியின் படகில் மீன் பிடிக்கப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் நேரே பஸ் பிடித்துப் பால்வண்ணன் கடைக்கு வந்துவிடுவாள், அதே நேரத்துக்கு அவன் அந்த ஊர்த் துறைமுகத்தில் ஒரு கடையில் வந்து உட்காருவான், இருவரும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பெரும்பாலும் என்ன சாப்பிட்டாய் என்பதைப் பற்றியே பேசுவார்கள். கடல் வந்துபோன பிறகு அவள் வாசலோடு நின்றாள். அங்கே அவன் வந்து உட்கார்ந்து, அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தெரிந்தும், ஞாயிறு தவறாமல் வந்து வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அப்படி இருக்கும்போதுதான் மோட்சத்தின் நண்டு வலையில் ஓர் அட்டை மாட்டியது. மோட்சம் கொலாஸ்டிகாவுடைய புருஷனின் அண்ணன் மகன். அவன் கொண்டுவந்த அட்டையில் நம்பர் இருந்தது, முத்திரை இருந்தது, ஆனால் பெயரையும் முகத்தையும் உப்புத் தண்ணீர் தின்றுவிட்டு வெள்ளையாக விட்டிருந்தது. ஊரில் மிஞ்சிய ஒரே அட்டை என்பதால் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. கோயிலில் மிஞ்சிய மாதா சுரூபத்தையும் மணியையும் வைத்திருந்த தகரக் கொட்டகையில், மாதாவின் காலடியில் அதை வைத்தார்கள். மறுநாள் காலையில் விளக்கேற்ற வந்த கோயில்பிள்ளை வியாகுலம் பார்த்தபோது, அட்டையில் வெள்ளையாக இருந்த கட்டத்துக்குள் கொலாஸ்டிகாவின் முகம் இருந்தது, இடது புருவத்துத் தழும்போடு, முந்தின நாள் கருவாட்டுக் களத்தில் வெயிலில் நின்ற கறுப்போடு.

வியாகுலம் திகைக்கவில்லை. கடலே எழுந்து வந்து ஊரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அவருக்கு ஓர் அட்டையில் முகம் வந்தது பெரிதாகத் தோன்றவில்லை. மணியை அடித்து ஊரைக் கூட்டி, “கொலாஸ்டிகா, ஓடியாளா, ஒனக்கு அட்டை வந்திருக்கு” என்றார். யாரோ அவசரமாகக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், யாரோ நல்ல சேலை இரவல் கொடுத்தார்கள், மோட்சம் கூடப் போனான். பால்வண்ணன் கடையில் கேமரா அவளைப் பார்த்தது, அட்டையைப் பார்த்தது, கண்ணைச் சிமிட்டச் சொன்னது, பச்சை விளக்கு எரிந்தது. அன்று ஞாயிறு. திரையில் லிகோரி வந்தான்.

“எம்மா, நீ இருக்கியா?”

“இருக்கேன் மக்கா. ஊருதான் இல்ல.”

“நீ இருக்கேல்லா, அது போதும்.” அவன் அழுதுவிட்டுச் சிரித்தான். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருப்பதாகவும், கேட்டால் பிறகு தருகிறேன் என்று சொல்வதாகவும், இருந்தாலும் சவேரியார் திருநாளுக்கு எப்படியும் வந்துவிடுவேன் என்றும் சொன்னான். என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்டாள். ரொட்டி என்றான்.

மறுநாள் அட்டையில் வேறொரு முகம் இருந்தது. நெஞ்சு வலிக்குப் பெரியாஸ்பத்திரியில் நாள் வாங்க முடியாமல் கிடந்த ஒருவருடைய முகம். அதற்கடுத்து, வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் மகனைச் சேர்க்க முடியாமல் இருந்தவளுடைய முகம். சிலபேருக்கு ஒரே நாளில் காரியம் முடிந்தது, சிலபேர் முகம் வாரக்கணக்கில் நின்றது, காரியம் முடிந்ததும் தானாக நகர்ந்தது. எந்த நேரத்தில் எவருக்குத் தேவை அதிகமோ அவருடைய முகத்தை அட்டை எடுத்துக்கொள்கிறது என்பதை ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. உள்ளே போனவர்கள் எல்லாரும் முதல் வேலையாகப் புது அட்டைக்கும் விண்ணப்பித்துப் பார்த்தார்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கவும் என்ற இடத்தில் சிலுவைத்துறை இல்லை. கடலுக்குள் போன ஊரைப் பெயர்ப் பட்டியலிலிருந்து உடனுக்குடன் நீக்கும் அளவுக்கு அரசாங்கம் அந்த ஒரு விஷயத்தில் சுறுசுறுப்பாக இருந்தது. அடுத்தவர் காரியத்தைப் பார்த்துக் கொடுக்கவும் வழியில்லை, எந்தக் காரியத்தைத் திறந்தாலும் உரியவர் முகத்தைக் காட்டவும் என்று திரை திரும்பத் திரும்பக் கேட்டது.

ஆகவே எல்லாரும் அட்டையையே நம்பினார்கள். கரைவலை இழுத்த காலத்தில் முறை வந்தவனுக்கு ஊரே சேர்ந்து வலை இழுத்துக் கொடுக்கும், அந்த வழக்கத்தை அப்படியே இதற்கும் கொண்டுவந்தார்கள். காலையில் வியாகுலம் அட்டையைப் பார்ப்பார், முகம் மாறியிருந்தால் மணியடிப்பார், முகத்துக்கு உரியவருக்குக் கருப்பட்டிக் காப்பியும் ஒரு நல்ல உடுப்பும் கிடைக்கும், துணைக்கு ஓர் ஆள் போகும், பஸ் ஏறும் வரை நின்று கையசைப்பார்கள். தண்ணீர்க் குழாயடியில் முன்பெல்லாம் மீன் பட்டதா என்று விசாரித்துக்கொண்டவர்கள் இப்போது, “இன்னைக்கு யாரு மொகம்?” என்று விசாரித்துக்கொண்டார்கள். முகம் வருவதை முறை வருவதாகவே எண்ணி வாழ்த்துச் சொல்லிப் பழகினார்கள். கஷ்டம் முற்றினால்தான் முகம் வரும் என்பது தெரியாமல் இல்லை, ஆனால் காப்பி குடிக்கும்போது அதை யார் நினைப்பார்கள்?

சும்மா சொல்லக்கூடாது, கஷ்டத்தில் போட்டி போடவும் கற்றுக்கொண்டார்கள். தன் மகள் ஸ்டெனிஷாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் பிடிக்கவேண்டும் என்று தவித்த பாக்கியநாதன், முகம் வருவதற்காக மாதா கொட்டகை வாசலில் பட்டினி கிடந்தான். அவன் மனைவி பிலோமி முந்தானைக்குள் இட்லி கொண்டுவந்து கொடுத்ததை ஊரே பார்த்தது, அட்டையும் பார்த்திருக்கும் போலிருக்கிறது, அசையவில்லை. “எங்க கஷ்டம் ஒங்க கஷ்டத்துக்குக் கொறஞ்சதாளா?” என்று குழாயடியில் குடம் உடையும்படி சண்டை நடந்தது. அந்தச் சண்டையை விலக்கிவிட்டு, எல்லாரையும் கிண்டல் செய்து சிரிக்கவைத்துக்கொண்டிருந்த தெரசாளின் முகம் மறுநாள் அட்டையில் வந்தது. அவளுக்கு என்ன குறை என்று ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, தனியாகப் பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவளோடு பேசும்போது எல்லாரும் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்கள்.

சவேரியார் திருநாள் வந்தது, லிகோரி வரவில்லை. திருநாளுக்குப் பிறகு வந்த ஒரு காலையில் வியாகுலம் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மணிக் கயிற்றைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார், பிறகு ஒரே ஒரு முறை மெதுவாக இழுத்தார். அட்டையில் லிகோரியின் முகம் இருந்தது. உதடு வெடித்திருந்தது, தாடி வளர்ந்திருந்தது, கண்ணுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

கொலாஸ்டிகா அட்டையை வாங்கி முதலில் முத்தமிட்டாள். “எம்புள்ள உயிரோட இருக்கான்” என்றாள். அந்த ஒரு ஞாயிறுக்குப் பிறகு மறுபடி வாசலோடு நின்று நின்று திரும்பியவளுக்கு அவ்வளவு சந்தோஷம், கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

“கொலாஸ்டிகா,” என்றார் வியாகுலம் தயங்கி, “அவன் மொகம் வந்திருக்குன்னா, நம்ம எல்லாரையும்விட அவனுக்குத்தான்…”

“தெரியும் பிள்ள. மொதல்ல கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்துக்கிடுதேன்.”

பிறகு பஸ் ஏறினாள். பால்வண்ணன் கெட்டவன் இல்லை. பக்கத்தில் இருந்த கடையை இதே விஷயத்துக்காகச் சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அதைப் பார்த்த பயம் அவனுக்கு. அவள் நீட்டிய அட்டையைப் பார்த்து, “இது லிகோரில்லா?” என்றான். கேமரா அட்டையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, முகம் பொருந்தவில்லை என்றது. அவள் அட்டையையே முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது. அட்டையில் இருந்தவன் சிமிட்டவில்லை. “சிமிட்டு மக்கா, ஒரே ஒருக்கச் சிமிட்டு” என்று அவள் அட்டையிடம் கெஞ்சுவதைக் கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“நான் தொறந்துவிட்டாலும் அது எரியாதுக்கா,” என்றான் பால்வண்ணன். “மேல இருந்து வாரது. என் கையில இல்ல.”

அங்கிருந்து அவள் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கச் சொல்லும் மனுவை இப்போதெல்லாம் கையில் வாங்குவதில்லை என்றார் அங்கிருந்தவர். ஆன்லைனில் போடவேண்டும், பெற்றவர் முகத்தைக் காட்டிப் போடவேண்டும், போட்டால் உடனே நடவடிக்கை உண்டு. என்னிடம் இருப்பது என் மகன் முகம்தான், என் முகம் இல்லை என்று அவள் சொன்னபோது அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆக, அவன் காரியம் நடக்க அவள் முகம் வேண்டும், அவள் முகம் வர வேண்டுமென்றால் அவன் முகம் போகவேண்டும். அவன் முகமோ போகவில்லை. காலையில் வியாகுலம் கொட்டகையைத் திறக்கும்போது கொலாஸ்டிகா வாசலில் நிற்பாள், அட்டையை வாங்கி மகனைப் பார்ப்பாள், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம் என்று பார்ப்பாள். தாடி நீளும், கன்னம் உள்ளே போகும், ஒரு நாள் நெற்றியில் புதிதாக ஒரு காயம் இருக்கும், அது ஆறுவதை அவள் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மகனுக்குக் காயம் ஆறிவிட்டது என்று குழாயடியில் சொல்லிச் சந்தோஷப்படுவாள். அவன் தொட்டிலில் கிடந்தபோதுகூட அவள் அவனை இத்தனை நெருக்கமாகப் பார்த்ததில்லை.

மோட்சத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. அவனும் லிகோரியும் அண்ணன் தம்பி பிள்ளைகள், சின்ன வயதில் ஆள் மாறிப்போய்ப் பலபேரிடம் அடி வாங்கியவர்கள். “சித்தி, நான் அவன மாரி ஆயிட்டா மெசினு என்னய அவன்னு நெனச்சிரும்லா? உள்ள போயி அவன் மெயில் பெட்டியத் தொறந்து, என்ன எழுதியிருக்கான், எங்க கெடக்கான்னு பாத்திரலாம்” என்றான். ஊர் இதில் முழு மூச்சாக இறங்கியது. அவன் தாடி வளர்த்தான். வெயிலில் கிடத்திக் கறுக்க வைத்தார்கள். நெற்றியில் காயம் வந்தபோது அவனே ஒரு சிப்பியால் அதே இடத்தில் கீறிக்கொண்டான். சோற்றைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். அட்டையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மூக்குக்குக் கீழே இன்னும் கொஞ்சம் வற்றவேண்டும், கண் இன்னும் கொஞ்சம் உள்ளே போகவேண்டும் என்று பெண்கள் சொல்லச் சொல்ல அவன் வற்றினான். ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் முகம் பொருந்தவில்லை என்றே அது சொன்னது, ஏனென்றால் மோட்சம் ஒரு சுற்று இளைத்து வருவதற்குள் லிகோரி இன்னொரு சுற்று இளைத்துவிடுவான், இங்கே பட்டினி கிடந்தவனால் அங்கே பட்டினி கிடந்தவனைப் பிடிக்கவே முடியவில்லை. கடைசியில் ஒரு நாள் குழாயடியில் மோட்சம் மயங்கி விழுந்தான். கொலாஸ்டிகா அவன் வாயில் கஞ்சியை ஊற்றி, “போதும்லே. ஒருத்தன் பத்தாதா எனக்கு?” என்று அவன் தலையில் அடித்து அழுதாள்.

இதற்குள் மற்றவர்களுக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அட்டை ஒருவனிடம் நின்றுவிட்டது, அவனோ கடலுக்கு அப்பால் இருந்தான், அவன் வந்து உட்காரப்போவதுமில்லை, மற்றவர்களை உட்காரவிடப்போவதுமில்லை. நெஞ்சு வலிக்காரர் திரும்பவும் படுத்தார். விதவைப் பணம் நின்றுபோனவர்கள் இருந்தார்கள். ஸ்டெனிஷாவுக்குக் கலந்தாய்வு நாள் நெருங்கியது. பிலோமி ஒரு நாள் கருவாட்டுக் களத்துக்கு வந்து, கொலாஸ்டிகாவோடு சேர்ந்து கொஞ்ச நேரம் மீனைத் திருப்பிப் போட்டாள்.

“யக்கா, தப்பா நெனைக்காத. எம்மவ படிச்ச படிப்பு வீணாப் போவுது. நாளு தாண்டிட்டா அடுத்த வருசந்தான்.”

“நான் என்னளா செய்ய? நானா வச்சிருக்கேன்?”

“நீ வைக்கல. எனக்குத் தெரியும். இருந்தாலும் அவன் ஒண்ணு வந்துரணும், இல்லன்னா…” பிலோமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்த மீனை இரண்டு பேரும் திருப்பினார்கள். பிலோமி திடீரென்று கையை உதறிக்கொண்டு, “நாசமாப் போற வாயி” என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவள் சொல்லாமல் விட்டதை ஊர் ஜெபத்தில் சொன்னது. முதலில் லிகோரி பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று மாலையில் கூடி ஜெபமாலை சொன்னார்கள், கொலாஸ்டிகாவின் கண் நிறையும்படி உருக்கமாகச் சொன்னார்கள். கலந்தாய்வு நாள் தாண்டிப் போனது, பாக்கியநாதன் மகள் முகத்தைப் பார்க்கமாட்டாமல் உப்பளத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்கடுத்து வந்த மாலைகளில், மாதாவே அவனுக்கு விடுதலை கொடும் என்று ஜெபம் சுருங்கியது. பிறகு, எல்லாரும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஜெபத்தின் கடைசியில், சீக்கிரம் ஒரு முடிவைத் தாரும் என்று யாரோ சேர்த்தார்கள். யார் சேர்த்தது என்று தெரியவில்லை, மறுநாள் எல்லாரும் அதையும் சேர்த்தே சொன்னார்கள். கொலாஸ்டிகா அதைக் கேட்டுவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மறுமாலையிலிருந்து அவள் ஜெபத்துக்கு வரவில்லை. அட்டையில் அப்போது லிகோரியின் கண் பாதி மூடியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் மட்டும் அவள் கொட்டகை வாசலில் வந்து நிற்கவில்லை. விடிவதற்கு முன்னே கரைக்கு ஒரு படகு நிறையச் சாளை மீன் வந்திருந்தது, கழுவிக் காயப்போட ஆள் கூப்பிட்டார்கள், போயிருந்தாள். வியாகுலம் கொட்டகையைத் திறந்து, விளக்கேற்றி, அட்டையை எடுத்தார். லிகோரி இல்லை. வேறு முகம். எத்தனையோ வாரமாக அசையாமல் நின்ற அட்டை நகர்ந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கை தானாகக் கயிற்றுக்குப் போனது, ஈஸ்டர் இரவுப் பாஸ்கா பூசைக்கு அடிப்பதுபோல இழுத்து இழுத்து அடித்தார்.

“நவந்துட்டு! அட்டை நவந்துட்டு!” என்று கொட்டகை கொட்டகையாகச் சத்தம் போனது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் வாய் நுரையோடு வந்தார்கள். பிலோமி மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தெரசாள் வழக்கப்படி கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்துவிட்டாள். “யாரு மொகம்? யாரு மொகம்?”

“நம்ம கொலாஸ்டிகா!” என்று மணியை நிறுத்தாமலே கத்தினார் வியாகுலம். “மொதல்ல வந்த மொகமே திரும்ப வந்துட்டு! மனு போட்டுரலாம், இனி அவனக் கொண்டாந்துரலாம்!”

கை தட்டினார்கள். கரையிலிருந்து மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்த கொலாஸ்டிகா, கையெல்லாம் மீன் செதிலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, யாரோ அவள் கையில் காப்பி டம்ளரைத் திணித்தார்கள், யாரோ நல்ல சேலையை நீட்டினார்கள். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டே அட்டையைப் பார்த்தாள். இடது புருவத்துத் தழும்போடு தன் முகத்தைப் பார்த்தாள்.

“அவன் எங்க?” என்றாள்.

அவனுக்குத் தேவை இருக்கும்வரை அவன் முகம் இருந்தது. தப்பிக் கரையேறியிருந்தால் அவளுக்கு இனி என்ன தேவை, ஏன் அவள் முகம் வருகிறது? இது ஒவ்வொருவராக எல்லாருக்கும் உறைத்தது. முன்னால் நின்றவர்களுக்கு முதலில், பிறகு பின்னால் நின்றவர்களுக்கு. வியாகுலம் கயிற்றை விட்டுவிட்டார், மணி மட்டும் ஆடிய ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் அடித்து ஓய்ந்தது. பிலோமி தரையில் விழுந்து கொலாஸ்டிகாவின் காலைக் கட்டிக்கொண்டு, “நான் சொல்லலயக்கா, நான் முழுசாச் சொல்லலயே” என்று கதறினாள்.

“எந்திளா,” என்றாள் கொலாஸ்டிகா. “பஸ்சுக்கு நேரமாவுது.”

நல்ல சேலை வேண்டாம் என்றுவிட்டாள். மீன் நாற்றத்தோடேயே நடந்தாள். வழக்கமாகத் துணைக்கு ஓர் ஆள் போகும், அன்றைக்கு ஊரே போனது. பஸ்ஸில் இடம் கொள்ளவில்லை, மிஞ்சியவர்கள் உப்பளத்துச் சாலையில் நடந்தே போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அத்தனை கூட்டத்தைப் பார்த்த பால்வண்ணன் வெளியே வந்தான், அவள் முகத்தைப் பார்த்தான், அவள் கையிலிருந்த அட்டையில் யார் முகம் இருக்கிறது என்று பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது.

“யக்கா, இதெல்லாம் காட்ட வேண்டாம். நான் ஏதாவது சொல்லிக்கிடுதேன். உள்ள போங்க.”

“வேண்டாம் தம்பி. அது கேக்கும்லா, கேக்கட்டும்.”

அட்டையைக் காட்டினாள். முகத்தைக் காட்டினாள். கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது அந்தப் பெண் குரல். அவள் சிமிட்டவில்லை. சிமிட்டினால் இது முடிந்துவிடும் என்பதுபோல முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைச் சிமிட்டுங்கள் என்று அது மறுபடி சொன்னது, மறுபடியும் சொன்னது. அதன் பொறுமைக்கு எல்லையே இல்லை. கடைசியில் கண்ணில் நின்ற தண்ணீர் தாங்காமல் இமை தானாக மூடித் திறந்தது. பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் அடையாளம் உறுதி செய்யப்பட்டது, நன்றி என்றது.

உள்ளே போய் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால் மோட்சம் பக்கத்தில் உட்கார்ந்தான். விரல்கள் எலும்பாக இருந்தன, இன்னும் தாடியை எடுக்கவில்லை, அந்தத் தாடியில் அவனைப் பார்த்தால் லிகோரி வந்து உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. திரை வெளிச்சமானது. கதவருகிலும் ஜன்னலிலும் சிலுவைத்துறை முழுவதும் நின்று எட்டிப் பார்த்தது.

“என்ன போடணும் சித்தி?”

“அவன் பேரப் போடு.”

லிகோரி என்று போட்டான். திரை சுற்றிச் சுற்றி, அவன் பெயருக்கு உரிய பக்கம் திறந்தது. உரியவர் முகத்தைக் காட்டவும் என்று அது வழக்கம்போலக் கேட்கும் என்று, கொலாஸ்டிகா மடியில் கிடந்த அட்டையைத் தயாராகக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“மொகத்தக் கேக்குதாலே?”

“இல்ல சித்தி,” என்றான் மோட்சம். “இப்ப ஒண்ணும் கேக்கல.”